கணக்கில் வராத சிவப்புக் காரு

நானா,

கடல் வந்து கரையை அள்ளிக்கொண்டு போன மார்கழிக்கு அடுத்த வருடம் அது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் வீட்டுக்கொரு சேலை, வீட்டுக்குக் கொஞ்சம் அரிசி என்று சேர்த்து லொறியில் மட்டக்களப்புக்கு அனுப்பிய வருடம். ஆடிக் காற்று ஃபெக்டரிக் கூரையில் பாதியைத் தூக்கிக்கொண்டு போன வருடம். ஜனாதிபதித் தேர்தல் தாள்களை ஒட்டி ஒட்டி உங்கள் கடை மாடிப்படிச் சுவரே இருந்த இடம் தெரியாமல் போன வருடம். எனக்கு எழுத்துத் தெரியாது. வருடத்தை எண்ணில் கேட்டால் தடுமாறுவேன். இப்படிச் சொன்னால் ஒரு நாளும் தப்பாது.

இன்று காலையில் முகம் கழுவ வெளியே வந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டு ஓடியது. பச்சை, ஊதா, மஞ்சள் என்று நிறம் மாறி மாறி ஓடியது. திரும்பிப் பார்த்தால் போஞ்சிக் கொடி ஏறின கம்பில் ஒரு சீடி தொங்குகிறது. குருவி பூவைக் கொத்தாமல் இருக்க மருமகள் நூல் கோத்துக் கட்டியிருக்கிறாள். சாமிப் படத்துக்குப் பின்னால் ஆணியில் நான் மாட்டி வைத்திருந்த சீடி. உங்கள் சீடி. சிவப்புக் காரு.

கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல் விளக்காமல், தேத்தண்ணி குடிக்காமல் நின்றவனைப் பார்த்துப் பயந்துபோய் அவளே ஓடி வந்து அவிழ்த்துக் கொடுத்தாள். இனியும் வைத்திருந்தால் நான் செத்துப் போவேன், இது சொல்லாமலே போய்விடும் என்று தோன்றியது. அதனால்தான் இந்த மடல். நான் சொல்கிறேன், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். உங்களுக்கு எந்த விலாசத்தில் போடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நானா, என் முதுகு ஒடிந்து தோட்டத்து வேலை போன பிறகு ஹட்டனில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தது நீங்கள் ஒருவர்தான். கடைச் சட்டரைத் திறக்க வேண்டும், படி கூட்ட வேண்டும், தேத்தண்ணி வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. மாடியில் ஒரு அறை, சுவர் ஓரமாகக் கம்ப்யூட்டர்கள், எதிர்ச் சுவர் முழுக்க ராக்கை, அதில் விளையாட்டுச் சீடிகள். உள்ளே நுழைந்தால் புது பிளாஸ்டிக் உறையின் வாசமும் ஈரச் சட்டைகளின் வாசமும் கலந்து வரும். உங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிறபடி நான் உங்களை நானா என்றேன். நீங்கள் என்னை அண்ணன் என்றீர்கள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று கடைசி வரைக்கும் முடிவாகவில்லை.

சீடியின் பெயர் எல்லாம் இங்கிலீஸ். எனக்கு அட்டையில் இருக்கும் படம்தான் பெயர். சிவப்புக் காரு, மொட்டைத்தலை, பட்டாளம், ஊர் கட்டுறது. கொஞ்ச நாளில் வருகிறவர்களும் அப்படியே கேட்கப் பழகிவிட்டார்கள். “மாமா, மொட்டைத்தலை யாருகிட்ட இருக்கு?” என்று மகேஸ் கேட்பாள். மகேஸ் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள். தாய்மார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போன பிறகு அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்த அலுப்பெல்லாம் தீர சனிக்கிழமை பின்னேரம் வந்து பட்டாளத்தைப் போட்டுச் சுட்டுத் தள்ளுவாள். பஸ் கொண்டக்டர் சுனில் அவளிடம் தோற்காத வாரம் இல்லை.

அந்தச் சனிக்கிழமைகளை நினைக்கிறேன். நமது வழக்கம் வேறு எந்தக் கடையிலும் கிடையாது. அது எப்படித் தொடங்கியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழைக்கு யாரும் வராத ஒரு நாள், நான் கொழுந்து நிறுவையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தராசின் முகம் எழுதுகிறவர் பக்கம் இருக்கும். முள் எங்கே நின்றது என்று கொழுந்து எடுத்தவளுக்குத் தெரியாது. ஈரத்துக்குக் கழிப்பார், சாக்குக்குக் கழிப்பார். எவ்வளவு கழித்தார் என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். ஒரே ஒரு கணக்கப்பிள்ளை மட்டும் நிறையை வரிசைக்கே கேட்கும்படி கூப்பிடுவார். கழிப்பதையும் கூப்பிடுவார். அவர் இருந்த வரைக்கும் நிறுவையில் ஒரு சண்டை வந்ததில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னேன். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால், நிறை குறைந்து அரை நாள் சம்பளமாகப் போய்விடுமே என்று, மற்றவர்கள் நிறுவைக்கு வருகிற வழியில் அவள் கூடையில் ஆளுக்கொரு பிடி கொழுந்து போடுவார்கள். கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் அந்தக் கதையை மறுபடியும் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இருபது வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“அப்ப நாமளும் கணக்க வாய் விட்டுக் கூப்பிடுவோம் அண்ணன்,” என்றீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீடிக் கடை இருந்தது. அங்கே எதைக் கேட்டாலும், “இதுதான் இப்ப சூடா ஓடுது, கடைசி ஒண்ணு இருக்கு” என்பார்கள். வாங்கிக்கொண்டு போனால் பழைய கம்ப்யூட்டரில் ஓடாது. நீங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ராக்கை முன்னால் நின்று, அந்த வாரம் எது எத்தனை போனது, எது திரும்பி வந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டீர்கள்.

“சிவப்புக் காரு, நல்லாப் போயீக்கி. ஊர் கட்டுறது, ரெண்டு. மொட்டைத்தலை, ஒண்டும் போகல. போன கிழமை வித்ததும் திரும்பி வந்தீக்கி. பழைய மெசின்ல ஓடாது, வாங்காதீங்க.”

“அனே நானா!” சுனில் தலையில் கை வைப்பான். “உண்மை சொன்னா யாவாரம் எப்பிடி? நான் பஸ்ல சீட் இல்லன்னு சொல்றதா?”

“பொய் செல்லி வித்தா அவன் ஒருக்காத்தான் வருவான் சுனில். நீ திரும்பத் திரும்ப வந்து என்ட உசிர வாங்குறியே, அது எதால?”

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே கணக்குப் படிப்பித்து நரைத்த மனிதர். ஊர் கட்டுற ஆட்டத்தில் வீதி போட்டு, தண்ணீர்க் குழாய் போட்டு, வரி வாங்கிக்கொண்டிருப்பார்.

“உது அரைக்கணக்கு நானா. வித்தது எத்தினை எண்டு சொல்லுறியள். விளையாடினது எத்தினை எண்டு ஆர் சொல்லுறது? உவன் அந்தோணியைக் கேளுங்கோ. காசு குடுத்து வேண்டினது எல்லாம் உறை பிரிக்காமல் கிடக்கு.”

தையல்கார அந்தோணிக்கு வெட்கம் வந்துவிடும். “கம்ப்யூட்டர் வாங்கின ஒடனே பிரிப்பேன் மாஸ்டர். நல்லது வரும்போது வாங்கி வச்சிக்கிறணும்ல?”

“அண்ணே, நீங்க கம்ப்யூட்டர் வாங்குறதுக்குள்ள சீடிக்கு நரை விழுந்துரும்,” என்பாள் மகேஸ்.

சிரித்துச் சிரித்து அந்தோணியே கண்ணைத் துடைத்துக்கொள்வான். யாரிடம் என்ன இருக்கிறது, யார் யாருக்கு இரவல் கொடுத்தது, யார் கடைசிக் கட்டம் வரைக்கும் போனது என்று பேச்சு வளரும். கீழே ரோட்டில் பனி இறங்கி லைட் போடுகிற வரைக்கும் முடியாது. அவர்களில் யாரும் உங்கள் கணக்கைச் சந்தேகப்பட்டதில்லை. உங்களிடம் வேறு என்ன இருந்தது, நானா? மாடியும் வாடகை, கம்ப்யூட்டரும் தவணை. சொன்ன கணக்கு சுத்தம் என்ற பெயர் ஒன்றுதான் உங்கள் சொந்தம்.

அதைத்தான் பிடுங்கினார்கள். பிடுங்கினது எதிரி இல்லையே. அதுதான் எனக்கு ஆறவில்லை.

தீபாவளிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கூப்பிட்டு முடித்ததும் நீங்கள் சொன்னீர்கள்: “வார சனி கண்டி மொதலாளி நேர்ல வாராரு. அவர் கடனுக்குக் குடுக்குற சரக்கு இனி ஹட்டன்ல ஒரு கடைக்குத்தானாம். எங்களுக்கா பஸ் ஸ்டாண்ட் கடைக்கான்னு ராக்கையப் பாத்துத்தான் முடிவெடுக்கிறாராம்.”

“அவர் நிப்பாட்டினா?” என்று அந்தோணி கேட்டான்.

“மூடிட்டுப் போறதுதான். வேற ஆரு எனக்கு சரக்குத் தருவாங்க?”

சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். ஆனால் மகேஸ் சிரிக்கவில்லை. அவள் ராக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராக்கை பாதி காலி.

அடுத்த சனிக்கிழமை, மொதலாளியை அழைத்து வர நீங்களும் நானும் ஸ்டேசனுக்குப் போனோம். அவர் கொண்டுவரும் பெட்டியைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று, முதுகு சரியில்லாத என்னைத்தான் கூட்டிப் போனீர்கள். ஆறுதலுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். கடையை மகேஸ் பார்த்துக்கொண்டாள். ரயில் பிந்தியது. பிளாட்போம் பெஞ்சில் இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அன்றைக்கு நீங்கள் பேசின பேச்சு! அவ்வளவு சந்தோசமாக உங்களைப் பார்த்ததே இல்லை.

“ராக்கை பாதி காலி, அண்ணன். அவர் தந்த சரக்குல மிச்சம் எவ்வளவுன்னு பாத்தாலே மனிசனுக்கு வெளங்கிடும். நாம ஒண்டும் செல்ல வேண்டியதில்ல.”

காலியாக இருப்பதுதான் நமக்கு நல்லது என்று அப்போதுதான் எனக்கும் முழுசாக விளங்கியது. நிறுவையில் வளர்ந்தவன். நிறைந்தால்தான் நல்லது என்று பழகின புத்தி. உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த பெஞ்சில்தான் எனக்கே விளங்கியது.

மொதலாளி இறங்கினார். கடைக்கு நடக்கும்போதே, “பஸ் ஸ்டாண்ட்காரரு உங்கள விட ரொம்பக் கூட வித்ததாச் சொல்றாரு. நீங்க சொல்ற கணக்க நம்பலாமா?” என்று கேட்டார்.

“என்ட கணக்கு ஊருக்கே தெரியும் மொதலாளி. ஒளிச்சு வெச்சு எழுதுறதில்ல. வாய் விட்டுச் செல்றது.”

படி ஏறினோம். நீங்கள் முன்னால், அவர் நடுவில், பெட்டியோடு நான் பின்னால். நீங்கள் வாசலில் நின்றுவிட்டீர்கள். உங்கள் தோளுக்கு மேலால் நானும் பார்த்தேன்.

ராக்கை நிறைந்திருந்தது. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரைக்கும் விரல் நுழைய இடம் இல்லாமல் நிறைந்திருந்தது. மாஸ்டர், அந்தோணி, சுனில் மூவரும் சுவரோடு நின்றார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி. மகேஸ் தலை வாரிப் பூ வைத்திருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“வாங்க ஐயா. பாருங்க, எங்க நானா கடை எப்பிடி நெறைஞ்சு கெடக்குன்னு!”

எனக்குப் படம் தெரியும், கீறல் தெரியும். ஊர் கட்டுறது அட்டையில் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டக் கறை, அது மாஸ்டருடையது. உறை பிரிக்காத வரிசை அந்தோணியுடையது. மூலையில் டிக்கெட் துண்டு ஒட்டியது சுனிலுடையது. பால் மணம் அடித்த பட்டாளம் மகேஸினுடையது. இரவல் கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கி, தங்களிடம் இருந்த அத்தனையையும் கொண்டுவந்து, காய்ச்சல்காரியின் கூடையை நிரப்புகிற மாதிரி நிரப்பியிருந்தார்கள். நிறைந்து கிடந்தால் விற்காத மாதிரித் தெரியும் என்று கணக்குப் படிப்பித்த மாஸ்டருக்குக்கூடத் தோன்றவில்லை. பாசம் வந்த இடத்தில் அவருடைய கணக்கும் ஒதுங்கி நின்றுவிட்டது.

மொதலாளி ஒன்றை எடுத்தார், திருப்பினார். தான் கொடுக்கும் சீடியில் எல்லாம் நீல மையில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இருந்தது.

“இதெல்லாம் வித்ததா சொன்னீங்க?”

நான்தான் பெட்டியைப் போட்டுவிட்டு முன்னால் போனேன். “ஐயா, இது கடைச் சாமான் இல்லீங்க. இது மாஸ்டரோடது, அது அந்தோணியோடது. வித்ததுதாங்க. அவங்க வீட்டுல இருந்து கொண்டாந்து வச்சிருக்காங்க.”

“எதுக்கு?”

மகேஸ் சொல்லிப் பார்த்தாள். கொழுந்து, கூடை, காய்ச்சல் என்று என்னென்னவோ சொன்னாள். மாஸ்டர் குறுக்கே வந்து, “ஐயா, உது எங்கட பிழை, அவரில பிழையில்லை” என்றார். மொதலாளி கெட்டவர் இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் தலையை ஆட்டினார்.

“ஊரே சேந்து காசு குடுத்து வாங்கின சாமான, ஒரே நாள்ல கொண்டாந்து கடையில வைப்பாங்களா? எந்த ஊர்ல நடக்கும்? வித்துட்டேன்னு கணக்குச் சொல்லிட்டு இரவல் விட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. இல்லன்னா விக்கவே இல்ல. பஸ் ஸ்டாண்ட்காரரு கூட்டித்தான் சொல்றாரு, தெரியும். ஆனா நீங்க உண்மை பேசுறவரு மாதிரியே இருந்து இப்பிடி...”

முடிக்கவில்லை. முடித்திருக்கலாம்.

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, நானா. மகேஸையும் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

அந்தப் பார்வைதான் என் இருபது வருடம். கூடைக் கதையை அந்த மாடியில் சொன்னவன் நான். மறுபடியும் கேட்டவர் நீங்கள். நான்தான் மகேஸிடம் சொல்லி இதைச் செய்ய வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல ஸ்டேசனில் உங்களோடு தேத்தண்ணி குடித்தேன் என்று நினைத்தீர்களா? அவளுடைய அம்மா கொழுந்து எடுத்தவள், நானா. பாட்டியும் கொழுந்து எடுத்தவள். அவளுக்குக் கூடையை நான் சொல்லியா கொடுக்க வேண்டும்? நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. படி ஏறுகிற வரைக்கும் தெரியாது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்டால் சொல்லலாம் என்று நின்றேன். நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொன்னால் குற்றம் உள்ளவன் மாதிரி இருக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

விற்காத தன் சரக்கு என்று மொதலாளி எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனார், அவர்களுடைய சொந்தச் சீடிகளையும் சேர்த்து. “அது என்னோடது” என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தோணி உறை பிரிக்காத ஒன்றைத் தொட்டான், கையை எடுத்துக்கொண்டான்.

பின்னேரம் ஆனது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நீங்கள் எழுந்து காலி ராக்கை முன்னால் போய் நின்றீர்கள். வேண்டாம் நானா என்று சொல்ல நினைத்தேன்.

“இந்தக் கிழமை,” என்றீர்கள். “வித்தது ஒண்டுமில்ல. திரும்பி வந்தது எல்லாம்.”

மகேஸ் அழுத சத்தம் கீழ்க் கடை வரைக்கும் கேட்டது. நீங்கள்தான் போய் அவள் தலையில் கை வைத்து, “நீ என்ன செய்வ மகள், நீ என்ன செய்வ” என்றீர்கள். என்னிடம் வரவில்லை.

கம்ப்யூட்டர்களைத் தவணைக்காரன் தூக்கிப் போக வந்த அன்று, ஒரு மெசினின் வாயைத் திறந்தீர்கள். உள்ளே ஒரு சீடி. யாரோ ஆடிவிட்டு எடுக்க மறந்த சிவப்புக் காரு. அதை என் கையில் வைத்தீர்கள்.

“இது கணக்குல வரல, அண்ணன். வித்ததுலயும் இல்ல, வந்ததுலயும் இல்ல. நீங்க வெச்சிக்கோங்க.”

மன்னித்துக் கொடுத்தீர்களா, குத்திக் காட்டினீர்களா? திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பின்பக்கத்தில் என் முகம்தான் தெரிகிறது.

பிறகு நீங்கள் கட்டார் நாட்டுக்குப் போய்விட்டீர்கள். சாமான் கிடங்கில் வேலை என்றார்கள். ஒரு தடவை அந்தோணியின் தையல் கடைக்கு ஃபோன் எடுத்தீர்கள். நான் இல்லை, வட்டவளையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். “அண்ணன்ட ஒண்டு கேக்கணும், பொறகு எடுக்கேன்” என்று சொன்னீர்களாம். என்ன கேட்க வேண்டும் என்று அந்தோணி கேட்கவில்லை. நான் அந்தத் தையல் கடைப் படியில் போய் உட்கார்ந்தேன். நாள்கணக்காக உட்கார்ந்தேன். “மாமா, வீட்டுக்குப் போங்க, வந்தா ஆள் அனுப்புறேன்” என்று அந்தோணி கெஞ்சினான். ஃபோன் அடிக்கும், யாராவது சட்டை தைத்தாயிற்றா என்று கேட்பார்கள்.

மழைக்காலத்தில் உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை வந்து, நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள், அங்கேயே அடக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மண் போடக்கூட எனக்கு வழியில்லை. ராக்கையை நிரப்பச் சொன்னது நானா என்பதைத்தான் கேட்க நினைத்தீர்களா என்றும் தெரியாது. வேறு ஏதாவதாக இருக்கலாம். என் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் எடுத்தீர்களோ என்னவோ. அப்படி இருந்தால் இன்னும் மோசம். எனக்கு அழுகையாக வருகிறது. எழுதுகிற பேனாவும் நின்றுவிட்டது.

இனி யார் இருக்கிறார்கள், நானா, இதைச் சாட்சி சொல்ல? கண்டி மொதலாளி போய்விட்டார். மாஸ்டர் ஊருக்குப் போய் அங்கேயே போய்விட்டார். சுனில் மலை வளைவில் பஸ் கவிழ்ந்த அன்றே போனான். அந்தோணி கொரோனாவில் போனான். கடைசி வரைக்கும் கம்ப்யூட்டர் வாங்கவில்லை. எனக்கு நெஞ்சில் சளி இறங்காமல் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் லயத்துக்கும் நடையாக நடக்கிறேன். நானும் போய்விட்டால், அந்த ராக்கையை நிரப்பியது யார், நிரப்பச் சொன்னது யார் என்று தெரிந்து உயிரோடு இருக்கப்போவது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் அதற்குப் பிறகு ஒரு விளையாட்டையும் தொட்டதில்லை. எங்கள் லயத்தில் என் காம்பராவுக்கு இரண்டு காம்பரா தள்ளி இருக்கிறாள். இன்று காலை கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். நான் சொல்லச் சொல்ல இவ்வளவையும் எழுதினவளும் அவள்தான்.

கடைசி வரியை நீயே எழுதும்மா என்றேன். எழுதுகிறாள். எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதினாய் என்று கேட்கப் போவதும் இல்லை.

நானா, மாமாவுக்கு ஒண்ணுமே தெரியாது. ராக்கையக் கூடைன்னு நெனச்சு நான்தான் நெரப்பினேன். மகேஸ்வரி.